பிக்கப் வண்டிக்கு எந்த டயர் பொருத்தம்?



ஒரு காலத்தில் தோட்டத்தில் வண்டி என்றால் தொரையின் ஜீப்பும் கொழுந்து லொறியும்தான். இன்று அப்படி இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் பிக்கப் வண்டி, சின்ன லொறி என்று சொந்தமாக வைத்து ஓட்டுகிறார்கள். சிலர் இதைக் ‘கெப்’ என்பார்கள். லீசிங்கில் எடுத்தவர்களும் உண்டு. அப்பா அம்மா ஓய்வு பெறும்போது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தைப் போட்டு வாங்கியவர்களும் உண்டு. மரக்கறி மூட்டையைக் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏற்றுவதும் இந்த வண்டிதான். நடுச்சாமத்தில் பிள்ளைத்தாய்ச்சியைத் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் இந்த வண்டிதான்.

வண்டி வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கிறோம், பெயின்ட்டைப் பார்க்கிறோம், புத்தகத்தைப் பார்க்கிறோம். டயருக்கு வந்தால் மட்டும், “எது மலிவோ அதைப் போடு” என்று விட்டுவிடுகிறோம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அச்சாணிக்குச் சொன்னது டயருக்கும் பொருந்தும். ஆகவே இந்தப் பாடத்தில், எங்கள் பாதைக்கும் எங்கள் பாரத்துக்கும் எந்த டயர் சரி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இது வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உள்ள பாடமல்ல. பின்னால் ஏறிப் போகிறவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் பாதை எப்படிப்பட்டது?

டயரைத் தேர்ந்தெடுக்குமுன் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொஸ்லந்த ஊடாகப் போகும் ஏ4 பெருந்தெரு, பெரகலையில் இருந்து வெல்லவாயவுக்கு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. வழியில் 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சி இருக்கிறது. அந்த நீர் ஒரே பாய்ச்சலில் விழும் உயரத்தை எங்கள் வண்டி வளைவு வளைவாக இறங்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், இந்தப் பாதையின் சரிவு விளங்கும். பெருந்தெருவை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் கல்லுப் பாதை, செம்மண், உடைந்த கொங்கிரீட், ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம்.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் பாதையின் குணமே மாறிவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டோம். அந்த மாதிரி நேரத்தில் ஆட்களை மேட்டிலிருந்து இறக்கவும் காயப்பட்டவர்களைக் கொண்டு போகவும் முதலில் ஓடி வருவது தோட்டத்து வண்டிதான். பெரிய மழையில், சேற்றில், இருட்டில் ஓட வேண்டிய வண்டிக்கு வழுக்கை டயர் இருந்தால் என்ன பிரயோசனம்?

பக்கத்துப் பாதையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய பாதையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணம் டயர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஊவாவின் மலைப்பாதையில் ஒரு சின்னப் பிசகுக்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டி வரும் என்பதைத்தான் நினைவூட்டுகிறோம்.

டயர் என்ன வேலை செய்கிறது?

டயருக்கு நான்கு வேலை உண்டு. பாரத்தைத் தாங்க வேண்டும். எஞ்சினின் இழுவையைத் தரைக்குக் கொடுக்க வேண்டும். ஸ்டியரிங் திருப்பும் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும். பிரேக் அடித்தால் நிறுத்த வேண்டும். இந்த நான்கும் நடப்பது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலமுள்ள இடத்தில்தான். அவ்வளவு சிறிய இடம்தான் தரையைத் தொடுகிறது. பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது சில்லைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர்தான். சில்லு நின்றும் வண்டி வழுக்கிக்கொண்டு போவதை மழை நாளில் பலர் பார்த்திருப்பீர்கள்.

டயரில் இருக்கும் இறப்பருக்கும் எங்கள் நாட்டுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், இறப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலுக்கு உருகாமலும் குளிருக்கு வெடிக்காமலும் உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். 1876இல் பிரேசிலில் இருந்து கொண்டு போன விதையில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் விடியுமுன் எழும்பி மரம் வெட்டிப் பால் எடுப்பவர்களில் எங்கள் உறவுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பும் டயருக்குள் சேர்கிறது.

ஆனால் டயர் வெறும் இறப்பர் இல்லை. உள்ளே நூல் அடுக்கும் கம்பியும் இருக்கின்றன. பாரத்தைத் தாங்குவது அந்த உள் அடுக்குத்தான். வெளியே தடிப்பாகத் தெரிவதை வைத்து டயர் பலமானது என்று முடிவு செய்யக்கூடாது.

டயரின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

டயரின் பக்கச் சுவரில் உள்ள இலக்கங்களை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருக்காது. உதாரணமாக, ஒரு சின்ன லொறி டயரில் “195 ஆர் 15 சி, 8 பி.ஆர்., 106/104 ஆர்” என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில்.

முதலில் வரும் ‘ஆர்’ என்றால் ரேடியல் டயர் என்று பொருள்.

15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

‘சி’ என்றால் பாரம் ஏற்றும் வண்டிக்கென்று செய்தது. சில டயர்களில் இதற்குப் பதிலாக ‘எல்.டி.’ என்று இருக்கும். இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

8 பி.ஆர். என்பது உள் அடுக்கின் பலத்தைக் காட்டும் கணக்கு. இலக்கம் கூடினால் பலம் கூடும்.

106/104 என்பது பாரக் குறியீடு. முதல் இலக்கம் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர் போட்டால், இரண்டாவது பின்னால் இரட்டை டயர் போட்டால். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ.

கடைசியில் வரும் ‘ஆர்’ வேகத்துக்குரிய எழுத்து. மணிக்கு 170 கிலோமீற்றர் வரை என்று பொருள். எங்கள் பாதையில் யாரும் அந்த வேகத்துக்குப் போகப் போவதில்லை. ஆகவே எங்களுக்கு முக்கியம் பாரக் குறியீடுதான்.

இன்னும் ஒரு நாலு இலக்கம் சின்ன வட்டத்துக்குள் இருக்கும். அது டயர் செய்த திகதி. 2324 என்று இருந்தால், 2024ஆம் வருடத்தின் 23ஆவது கிழமையில் செய்தது. கடையில் புதிதாகத் தொங்கினாலும் டயர் பழையதாக இருக்கலாம். இறப்பர் ஓடாமல் சும்மா இருந்தாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகி வெடிக்கும். ஐந்து வருடம் கடந்த டயரை வருடத்துக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். பத்து வருடம் ஆகிவிட்டால், வெட்டு எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் கழற்றிவிடுவதே நல்லது.

பாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இந்தப் பாடத்தில் மிகவும் முக்கியமான பகுதி இது. ஒரு பேனையை எடுத்துக்கொண்டு கூடவே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெறும் வண்டி 1,500 கிலோ. சாரதியும் உதவியாளும் 130 கிலோ. ஏற்றும் பாரம் 1,000 கிலோ. மொத்தம் 2,630 கிலோ. பாரம் பின்பெட்டியில் இருப்பதால், இதில் ஏறக்குறைய 1,650 கிலோ பின் சில்லுகளில் இறங்கும் என்று வைப்போம். பின்னால் இரண்டு டயர் என்றால் ஒன்றுக்கு 825 கிலோ.

மேலே சொன்ன 106 குறியீட்டு டயர் 950 கிலோ தாங்கும். ஆகவே சரி. இப்போது கடையில் ஒருவர், “தம்பி, ஏன் அவ்வளவு சல்லி குடுக்கிறீங்க? கார் டயர் ஒன்னு இருக்கு, அதே 15 ரிம்முதான், அச்சா உக்காரும்” என்கிறார். அந்த டயரில் 195/65, 15, அதன் பின்னால் 91 என்று இருக்கிறது. ரிம்மில் உட்காரும் என்பது உண்மைதான். ஆனால் 91 என்ற பாரக் குறியீட்டுக்கு 615 கிலோதான். 825 கிலோ இறங்கும் இடத்தில் 615 கிலோ தாங்கும் டயரைப் போட்டால் ஒவ்வொரு டயரிலும் 210 கிலோ மேலதிகம். வெறும் வண்டியில் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு வெல்லவாயப் பக்கம் இறங்கும்போது டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து நிமிரும், சூடேறும், உள் அடுக்கு பிரிந்துவிடும். வெடிப்பது பெரும்பாலும் வளைவிலோ இறக்கத்திலோதான்.

அதே மாதிரி, ஆட்களை ஏற்றும் கணக்கையும் பாருங்கள். ஒருவர் 55 கிலோ என்றால் 12 பேர் 660 கிலோ. அதோடு நாலு மூட்டை ஏற்றினால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். மூட்டை ஓரிடத்தில் கிடக்கும். நிற்கிற ஆட்கள் வளைவில் ஒரு பக்கம் சாய்வார்கள். பாரம் மேலேயும் ஓரத்திலும் போய்விடும். மழைக்கொழுந்தும் அப்படித்தான். அதே எண்ணிக்கை மூட்டை, நனைந்தால் பாரம் கூடும்.

மயிலிறகுதானே என்று அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் அந்தக் காலத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார். மயிலிறகுக்கே அந்தக் கதி என்றால் கோவா மூட்டைக்குச் சொல்லவா வேண்டும்?

தரையில் படும் முகம்: மூன்று வகை

டயரின் பலத்தைப் பார்த்தோம். அடுத்தது தரையில் படும் முகத்திலுள்ள வெட்டு. பிக்கப் டயரில் பொதுவாக மூன்று வகை உண்டு.

முதலாவது, தார் ரோட்டு டயர். எச்.டி. என்பார்கள். நீள வரியாக வெட்டு இருக்கும். தார் ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும், டீசல் குறைவாகக் குடிக்கும், ஈரத் தாரில் நன்றாகப் பிடிக்கும். சேற்றில் இறங்கினால் வரிகளுக்குள் மண் அடைத்துக்கொண்டு வழுக்கும்.

இரண்டாவது, இரண்டு பாதைக்கும் உரிய டயர். ஏ.டி. என்பார்கள். வெட்டுகள் கட்டை கட்டையாக, கொஞ்சம் ஆழமாக இருக்கும். கல்லுப் பாதையிலும் ஓடும், தாரிலும் ஓடும். சத்தமும் டீசலும் சற்றுக் கூடும்.

மூன்றாவது, சேற்று டயர். எம்.டி. என்பார்கள். பெரிய பெரிய கட்டைகள், இடையில் அகன்ற இடைவெளி. சேற்றை உதறிக்கொண்டு ஏறும். ஆனால் தாரில் போகும்போது தரையைத் தொடும் இறப்பர் குறைவு. மழைநேரத் தார் ரோட்டில் பிரேக் அடித்தால் நிற்கத் தாமதமாகும். சீக்கிரம் தேயும், உறுமும், டீசல் குடிக்கும்.

இளைஞர்கள் பலருக்கு இந்த மூன்றாவது வகையில்தான் கண். “பாக்க கெத்தா இருக்கும் அண்ணே” என்பார்கள். பார்வைக்கு வடிவாகத்தான் இருக்கும். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு கிழமையில் உங்கள் வண்டி எத்தனை கிலோமீற்றர் தார் ரோட்டில் ஓடுகிறது, எத்தனை கிலோமீற்றர் தோட்டப் பாதையில் ஓடுகிறது? ஒரு கிழமைக்கு எழுதி வைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கே எந்த டயர் என்று சொல்லிவிடும்.

தோட்டத்து வாசலுக்கு வெளியே, பண்டாரவளை, வெல்லவாய என்று பெரும்பாலும் தாரில் ஓடும் வண்டிக்கு எச்.டி. வகையில் ‘சி’ டயர் போதும். பாதி தார், பாதி கல்லுப் பாதை என்றால் ஏ.டி. வகையில் ‘சி’ அல்லது ‘எல்.டி.’ டயர். மேட்டு டிவிஷனுக்குத் தினமும் ஏறி இறங்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைக்குள் வரும். நாள் முழுவதும் சேற்றிலும் புது வெட்டுப் பாதையிலும் மட்டும் நிற்கிற வண்டிக்குத்தான் எம்.டி. சேற்றில் புதைந்தால் சங்கிலி கட்டி இழுத்து எடுத்துவிடலாம். மழை ரோட்டு இறக்கத்தில் வழுக்கினால் இழுத்து எடுக்க ஆள் இருக்காது.

அகலமான டயர் போட்டால் பிடிப்புக் கூடும் என்று நினைத்து அளவை மாற்றுகிறவர்களும் உண்டு. பாரத்தோடு முழுதாகத் திருப்பும்போது அது மட்காட்டில் உரசும். ஸ்பீட் மீற்றரும் தப்பாகக் காட்டும். வண்டிக்காரக் கொம்பனி சொன்ன அளவிலேயே இருப்பதுதான் நல்லது.

ரேடியலா, நைலோனா?

பழைய லொறிகளில் நைலோன் டயர் ஓடியது. அதில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து போகும். பக்கச் சுவர் கெட்டி. கல்லுக் குத்துக்குத் தாங்கும், ஆனால் சூடு பிடிக்கும், சீக்கிரம் தேயும். ரேடியல் டயரில் நூல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும். அதன் மேல் கம்பிப் பட்டி சுற்றியிருக்கும். தரையில் நன்றாகப் படியும், நீண்ட நாள் ஓடும். ஆனால் பக்கச் சுவர் மெல்லியது. கல்லுப் பாதையில் சுவரை உரச விடக்கூடாது.

ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலோனும் போடவே கூடாது. இரண்டும் வேறு வேறு விதமாக வளையும். பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முடிந்தால் நான்கும் ஒரே வகை, ஒரே அளவு. நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்கு இது கட்டாயம். இரண்டு டயர்தான் வாங்கக் கையில் காசு இருக்கிறது என்றால், புதியதைப் பின்னால் போடுங்கள். “முன்னுக்குத்தானே ஸ்டியரிங், புதுசு முன்னுக்குப் போடுவோம்” என்று சிலர் சொல்வார்கள். முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்று திரும்பிவிடும். அதற்காக முன்னுக்கு வழுக்கை டயர் போடலாம் என்று அர்த்தமில்லை.

பாவித்த டயர், டேக் டயர், வெட்டிய டயர்

2020இல் தொடங்கி 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. பழைய வண்டிகளே திரும்பத் திரும்ப ஓடின. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு உதிரிப்பாக விலையும் தாங்க முடியாமல் போனது. கையில் காசில்லாதவன் பாவித்த டயரைத் தேடுவது குற்றமல்ல. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

டேக் அடித்த டயர் என்றால், தேய்ந்த டயரின் மேல் புது இறப்பர் முகம் ஒட்டியது. உள் அடுக்கு நல்லதாக இருந்து, நல்ல இடத்தில் செய்திருந்தால் பின் சில்லில் பாவிக்கலாம். முன் சில்லில் போட வேண்டாம். ஒட்டிய முகம் கழன்றால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும்.

வெட்டிய டயர் வேறு. வழுக்கையான டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாக வரி வெட்டி, கறுப்புப் பூசி வைத்திருப்பார்கள். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். மிஞ்சியிருந்த கொஞ்ச இறப்பரையும் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பதுதான் உண்மை. உள்ளே நூல் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டயர் செய்யும்போதே வரிகளுக்கு நடுவில் சின்ன மேடு மேடாகத் தேய்மானக் குறி வைத்திருப்பார்கள். வரி ஆழமாக இருந்தும் அந்த மேடு எங்கும் இல்லையென்றால், கத்தி பட்ட டயர் என்று சந்தேகப்படுங்கள்.

எந்தப் பாவித்த டயரையும் கழற்றி, உள் பக்கம் கையால் தடவிப் பாருங்கள். வீக்கம், வெடிப்பு, ஒட்டுப் போட்ட அடையாளம், உள்ளே கறுப்புத் தூள் இருந்தால் வேண்டாம். தூள் இருந்தால் காற்றில்லாமல் ஓடி உள் சுவர் அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம். முகத்தில் ஆணி ஏறிய ஓட்டையை அடைக்கலாம். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்டக்கூடாது.

மலிவு எது என்பதற்கும் ஒரு கணக்கு. இது இன்றைய விலையல்ல, கணக்குக்காக மட்டும். 18,000 ரூபா டயர் 20,000 கிலோமீற்றர் ஓடினால், ஒரு கிலோமீற்றருக்கு 90 சதம். 30,000 ரூபா டயர் 50,000 கிலோமீற்றர் ஓடினால், ஒரு கிலோமீற்றருக்கு 60 சதம். எது மலிவு? கையில் மொத்தமாகக் காசு இல்லாததுதான் எங்கள் கஷ்டம். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் டீசலுக்கு ஒதுக்குவது போல டயருக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கி வையுங்கள்.

காற்று

நல்ல டயரையும் காற்றில்லாமல் ஓட்டினால் கெடும். எவ்வளவு காற்று என்பது சாரதிப் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள தாளிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். வெறும் வண்டிக்கு ஒரு அளவு, பாரத்துக்கு ஒரு அளவு. டயரின் சுவரில் போட்டிருப்பது உச்ச அளவு. தினமும் அவ்வளவு அடிக்க வேண்டும் என்று பொருளல்ல.

காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஹப்புத்தளைப் பக்கக் குளிரில் அளந்துவிட்டு வெல்லவாய வெயிலில் மறுபடி அளந்தால் கூடத்தான் காட்டும். “காத்து கூடிப்போச்சு” என்று கீழே இறக்கிவிட்டால், மலை ஏறி வந்ததும் காற்றுக் குறைந்து போயிருக்கும். அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். வால்வு மூடியைத் தொலைக்காமல் போடுங்கள். ஸ்பெயார் டயரின் காற்றையும் மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். இரவில் பஞ்சரானால்தான் அதன் அருமை தெரியும்.

தேய்மானம் சொல்லும் கதை

டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் வண்டியின் வருத்தம் தெரியும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று கூட.

இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் கூட.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் எலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

இடைக்கிடை பள்ளம் பள்ளமாகத் தேய்ந்தால் ஷொக் அப்சோபர் அல்லது வீல் பேலன்ஸ்.

வெட்டின் ஆழம் 1.6 மில்லிமீற்றர் ஆனதும் தேய்மானக் குறி முகத்தோடு சமமாகிவிடும். அதற்கு மேல் ஒரு நாளும் ஓட்டக்கூடாது. எங்கள் மலைப் பாதைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது பாதுகாப்பு. அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு தீக்குச்சியின் மருந்துத் தலையை வரிக்குள் விடுங்கள். தலை முழுவதும் மறைந்தால் இன்னும் ஓடலாம். மறையாவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. வரி ஆழமாக இருந்தால்தான் மழைத் தண்ணீர் அதன் வழியாக வெளியே போகும். இல்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது.

ஏறிப் போகிறவர்களுக்கு

சாரதி டயரை மாற்றாவிட்டால் அவருக்கு மட்டும் ஆபத்தில்லை. பின்னால் நிற்கும் பெண்களுக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும்தான் முதல் ஆபத்து. சாமான் ஏற்றும் வண்டியில் ஆட்கள் போகாமல் இருப்பதே சரி. ஆனால் பஸ் வராத டிவிஷனில் வேறு வழி இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அப்படி ஏற வேண்டி வந்தால் ஏறுமுன் குனிந்து நாலு டயரையும் ஒரு பார்வை பாருங்கள். நூல் தெரிகிறதா? வீங்கியிருக்கிறதா? வரி இருக்கிறதா? ஏதாவது ஒன்று சரியில்லையென்றால், “தம்பி, இந்த டயரோட நாங்க வரமாட்டோம்” என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் சிரிப்பார்கள். பத்துப் பேர் சொன்னால் டயர் மாறும். தோட்டத்துக்குச் சொந்தமான வண்டி என்றால் வெல்பெயார் ஐயாவிடமோ தலைவரிடமோ சொல்லி, நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கேட்பது எங்கள் உரிமை.

கழற்றிய டயரை என்ன செய்வது?

லயத்துக்குப் பின்னால் வீசிய டயருக்குள் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்பு முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாளில் முட்டை நுளம்பாகிப் பறந்துவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே பழைய டயரைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வைத்திருப்பதென்றால் கூரைக்குக் கீழ், நனையாமல் வையுங்கள். பூச்செடி வைக்க எடுத்தால் அடியில் ஓட்டை போட்டு, மண்ணை முழுக்க நிரப்புங்கள். எரிக்கவே கூடாது. அந்தப் புகை பிள்ளைக்காம்பராவில் உள்ள சின்னப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும்.

படித்ததைச் சரிபார்ப்போம்

கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். வண்டி வைத்திருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. உங்கள் தோட்டத்தில் ஓடும் ஒரு பிக்கப்பின் டயரில் ‘சி’ அல்லது ‘எல்.டி.’ என்ற எழுத்து இருக்கிறதா?

2. அந்த டயரின் பாரக் குறியீடு என்ன? வழமையாக ஏற்றும் பாரத்துக்கு அது போதுமா?

3. டயர் செய்த வருடமும் கிழமையும் என்ன?

4. தீக்குச்சித் தலை வரிக்குள் மறைகிறதா?

5. ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே வகையா, ஒரே அளவா?

6. உங்கள் லயத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய பழைய டயர் எத்தனை?

ஐந்து கேள்விக்கு நல்ல பதில் வந்து ஒன்று மட்டும் பிழைத்தாலும், அந்த ஒன்றை இந்தச் சம்பளத்துக்குள் சரிசெய்யப் பாருங்கள். மழைக்காலம் வருமுன் இதை முடித்துவிட்டால், நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தாலும் வண்டி தைரியமாகப் புறப்படும்.